தவணை தவறியவர்

நான் இதுவரை யாரிடமும் கைமாற்று வாங்கியதில்லை ஐயா. பேருந்துக்குச் சில்லறை இல்லாவிட்டால் நடந்தே வீடு போய்ச் சேருவேன். நிறுவனத்தில் என்னை ஆள் எடுக்கும் பிரிவில் உட்கார வைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேலைக்கு வருகிறவனின் கடன் வரலாற்றை எதற்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்டீர்கள். சாவியையும் சரக்கையும் அவன் கையில் கொடுக்கிறோம். கழுத்து வரை கடன் இருப்பவனுக்குக் கை அரிக்கும். தவணையை நாள் தவறாமல் கட்டுகிறவன் வேலையிலும் ஒழுங்காக இருப்பான். இதில் என்ன தப்பு?

என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல வேலைக்காரர், அதை மறுக்கவில்லை. அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தது நான். அவளுக்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்தேன். அவள் பாட்டுக்கு இவரைக் கட்டிக்கொண்டு போனாள். அதையும் விழுங்கிக்கொண்டேன். பிறகு அவர்கள் மகளுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் என்றார்கள். சேமிப்பை வழித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் தங்கை சொன்னாள்: “வேண்டாம்ணா. அவர் பேங்க்ல லோன் போட்டுட்டார். அவர் பாத்துக்குவார்.”

அவர் பார்த்துக்கொள்வாராம். பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

வங்கி என் அலுவலகத்துக்கு எதிரில். மாதம் பிறந்ததும் மாப்பிள்ளை தவணைப் பணத்தைக் கொண்டுவந்து தருவார். “ஷிஃப்ட் ஒத்து வரல மச்சான். கொஞ்சம் கட்டிடுங்க.” பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் இருப்பதால், வங்கி கூப்பிட என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். ஒரு தவணையைக்கூட நான் கட்டாமல் விட்டதில்லை. அடுத்தது வரும்வரை மேசைக்குள் வைத்திருந்து கட்டினேன், அவ்வளவுதான். அபராதத்தை என் சம்பளத்திலிருந்து போட்டேன். அவர் காசில் கை வைக்கவில்லை.

அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் எங்கள் நிறுவனத்துக்கே மனு போட்டார். அவருடைய கடன் அறிக்கையை வைத்துக்கொண்டு மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க மாப்பிள்ளைதானே? ஏதாவது பாக்கலாமா?”

“விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்.”

மேலாளர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். “எங்க போனாலும் கடன் சரியில்லைங்கறாங்க மச்சான். நான்தான் ஒழுங்கா கட்டிட்டிருக்கேனே.”

“கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறா இருக்கும் மாப்பிள்ளை. விசாரிக்கிறேன்.”

அதையும் நம்பினார். பிறகு ஒரு கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குப் போனார். அங்கே இடுப்புக்குக் கட்ட பெல்ட்கூடத் தரமாட்டார்கள். பழைய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். அடக்கச் செலவை நான் செய்தேன். இந்த முறை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அவர் இறந்ததைச் சொல்லத் தங்கை வங்கிக்குப் போயிருக்கிறாள். ஆரம்பத்திலிருந்தே ஒரு தவணைகூட நாளுக்கு வரவில்லை என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். நேரே தெருவைத் தாண்டி என் மேசைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

“மாசம் பொறந்ததுமே உன்கிட்ட குடுத்தாரேண்ணா.”

அங்கிருந்து கிளம்பி நேரே இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அவருக்கு எங்கும் வேலை கிடைக்கக் கூடாது, என் வாசலில் வந்து நிற்க வேண்டும், “மச்சான், எங்களால முடியல” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்காகச் செய்தேன். சொல்லியிருந்தால் மொத்தக் கடனையும் அன்றைக்கே அடைத்திருப்பேன். குழிக்குள் இறங்கினாரே தவிர என்னிடம் வந்து கேட்கவில்லை. அந்தத் திமிருக்கு நான் என்ன செய்ய முடியும்?

எழுதிக்கொண்டீர்களா? வெளியே தங்கை தன் மகளோடு உட்கார்ந்திருப்பாள். அந்தக் குழந்தையால் ரொம்ப நேரம் பெஞ்சில் உட்கார முடியாது. இரண்டு பேரையும் என் வீட்டுக்குப் போய் இருக்கச் சொல்லுங்கள். சாவி உங்களிடம்தான் இருக்கிறது. பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?