தனிமை விரும்பி

...சாப்பாடு பலமா இருந்திருக்கு போல. முன் வரிசையிலேயே கண்ணு சொருகுது! சரி, ஒரு குட்டிக் கதை இருக்கு. அதைக் கேட்டுட்டு அப்புறம் தாராளமாத் தூங்குங்க.

காலையில உங்க எல்லாருக்கும் ஒரு பரீட்சை வச்சாங்களாமே? நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு அதுவே சொல்லிடுமாம். ஆளுக்கு ஒரு அட்டை வேற குடுத்திருக்காங்க, சட்டையில குத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நல்லா இருக்கு. நான் சொல்லப்போற பொண்ணுக்கும் இதே மாதிரி ஒரு அட்டை வந்துச்சு.

பேரு செண்பகவல்லி. கோவில்பட்டிப் பொண்ணு. கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனி ஆபீஸ்ல வேலை, தங்கறது லேடீஸ் ஹாஸ்டல். பேசவே மாட்டா. கேட்டா பதில் சொல்லுவா, அதோட சரி. அவங்க அம்மா அவளுக்கு வச்ச பட்டப்பேர் என்ன தெரியுமா? ஊமைக்கோட்டான்! சிரிக்கிறீங்க... சின்ன வயசுலேர்ந்து அதைக் கேட்டு வளர்ந்தவளுக்குச் சிரிப்பு வராதுங்க. தன்கிட்ட ஏதோ கோளாறுன்னுதான் அவ நெனச்சுக்கிட்டிருந்தா.

அந்த ஆபீஸ்லயும் ஒருநாள் பரீட்சை வச்சாங்க. 'ஓய்வு நேரத்தில் பெரும்பாலும் தனியாக இருப்பீர்களா?' ஆமாம்னு போட்டா. 'கூட்டத்தில் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா?' இல்லைன்னு போட்டா. முடிவு வந்துச்சு... 'தனிமை விரும்பி'. உங்களை மாதிரி உலகத்துல ஏகப்பட்ட பேர் இருக்காங்க, இது குறை இல்லை, இது ஒரு சுபாவம்னு கீழே எழுதியிருந்துச்சு. அவளுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. உடனே ஊருக்குப் போன் போட்டா.

"அம்மா, நான் ஊமைக்கோட்டான் இல்லம்மா. தனிமை விரும்பியாம்."

"ஏட்டி, ரெண்டும் ஒண்ணுதானட்டி? ஆபீஸ்ல சொன்னா மரியாதையாச் சொல்லுவாங்க, அவ்வளவுதான்!"

அம்மா என்ன சொன்னா என்ன? அவளுக்கு அது பெரிய நிம்மதி. அந்த நன்மையை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த அட்டையை அவ மேசை மேல நிக்க வச்சாங்க. அங்கதான் வினை ஆரம்பிச்சுது. கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் தங்கமான மனுஷங்க. படிச்சாங்க, மதிச்சாங்க. டீ குடிக்கப் போறப்ப கூப்பிடறதை நிறுத்திட்டாங்க. 'பாவம், தனியா இருக்கட்டும்!' மத்தியானம் எல்லாரும் சேர்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாங்க, இவ மேசைப் பக்கம் மட்டும் சத்தமே இருக்காது. 'பாவம், அதுதான் அவங்களுக்குப் பிடிக்கும்!'

பக்கத்து மேசை சுகுணாவுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. தட்டுல சந்தனம், குங்குமம், பத்திரிகை எல்லாம் வச்சுக்கிட்டு மேசை மேசையா வந்துச்சு அந்தப் பொண்ணு. "அண்ணா, குடும்பத்தோட வந்துருங்க." "அக்கா, முந்தின நாளே வந்துருங்க, சொல்லிப்போட்டேன்!" செண்பகவல்லி பாத்துக்கிட்டே இருந்தா. தன் முறை வந்ததும் எந்திரிச்சா. பத்திரிகையை உக்காந்துக்கிட்டு வாங்கலாமா? எந்திரிச்சு, முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் நீட்டினா...

சுகுணா பத்திரிகையை மெதுவா மேசை மேல வச்சுது. "உங்களுக்குக் கூட்டம்னா ஆகாதுன்னு தெரியுமுங்க. வந்தே ஆகணும்னு இல்லீங்க, சங்கடப்படாதீங்க."

எவ்வளவு நல்ல மனசு, பாருங்க! அந்த நல்ல மனசுக்கு முன்னாடி, நீட்டின ரெண்டு கையையும் எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியாம அவ நின்னா.

ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு ஆபீஸே வேன்ல பொள்ளாச்சிக்குப் போயிருச்சு. இவ ஹாஸ்டல் அறையில பட்டுப்புடவை கட்டி, பூ வச்சு, கட்டில்ல உக்காந்திருந்தா. 'வண்டி ஏறிப் போக வேண்டியதுதானே'ன்னு கேப்பீங்க. தானாப் போய் நிக்கற ஆளா இருந்தா அந்த அட்டையே வந்திருக்காதே! பரீட்சை அந்த மட்டுக்கும் சரியாத்தான் சொல்லியிருந்துச்சு. போனை எடுத்து அதே பரீட்சையை மறுபடி எழுதினா. பொய் சொல்ல வரலை. தனியா இருப்பீங்களா? இருக்கேன். தானாப் பேசுவீங்களா? மாட்டேன். மறுபடியும் அதே முடிவு... தனிமை விரும்பி. போனைப் பாத்துச் சொன்னா: "இருக்கேன். விரும்பலையே..."

கேக்க யாருங்க இருக்கா அந்த அறையில?

மறுநாள் ஆபீஸ்ல, கூட வேலை பாக்கற நாச்சிமுத்துன்னு ஒருத்தர் தாம்பூலப் பையைக் கொண்டு வந்தாரு. "கல்யாணப் பொண்ணு குடுத்துவிட்டுதுங்க"ன்னு மேசையில வச்சுட்டுத் திரும்பினாரு.

"அண்ணா..."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்தப் பொண்ணு தானாப் பேசி அவர் கேட்டதே இல்லை!

"எனக்குப் பேச வராது அண்ணா. ஆனா கூப்பிட்டா வருவேன்."

"அட... இத்தன நாளாச் சொல்லவே இல்லீங்களே?"

"நீங்க யாரும் கேக்கவே இல்லையே அண்ணா."

கல்யாணம் முடிஞ்சு போச்சு. அது திரும்பியா வரும்?

இப்ப உங்ககிட்ட வர்றேன். அந்தப் பரீட்சை பொய்யா? இல்லீங்க. அவ எப்படி இருக்கான்னு சரியாச் சொல்லுச்சு. எதுக்கு ஏங்கறான்னு அது கேக்கவும் இல்லை, அவ சொல்லவும் இல்லை. நாம இருக்கற விதம் வேற, நமக்கு வேண்டியது வேற. அதை ஒரு மனுஷன்கிட்ட வாயைத் திறந்துதான் சொல்லியாகணும். கஷ்டம்தான். கடைசியில அவ சொன்னாளே!

அட்டையைப் படிக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அதுல என்ன வேணா எழுதியிருக்கட்டும், டீ குடிக்கப் போறப்ப பக்கத்துல ஒரு குரல் குடுங்க. வரலைன்னா போகட்டும். ஆனா 'நான் வரலைங்க'ன்னு சொல்றதுக்காவது... முதல்ல ஒருத்தர் கூப்பிடணும்ல?