தொண்ணூறு பார்சல்

— அதை எழுதுறது நீயெண்டு வேற ஆருக்குத் தெரியும்? மெல்லமாச் சொல்லு.

— எதை அண்ணை?

— கொம்பியூட்டரில எழுதுற சமையல் கதை.

— ஓ, என்ர புளொக்கோ? ஒருத்தருக்கும் தெரியாது. அஞ்சலா எண்டு பேரே போடேல்லை, ‘குசினிக்காரி’ எண்டுதான் போட்டனான். கோயில் கொம்பியூட்டர் வகுப்பில ஜெனீற்றா திறந்து காட்டித் தந்தவள், அவளுக்கு மட்டும் தெரியும். ஏன் இப்பிடி வேர்த்து ஊத்துது? செருப்பெங்கை?

— செருப்பை விடு. அம்மா எங்கை?

— பூசைக்குப் போட்டா.

— நல்லது. அவவுக்கு ஒரு சொல் சொல்லாதை. இப்ப சொல்லு, என்னத்தையெல்லாம் எழுதினனி?

— வேலை பழகுறதைத்தான். ஊர்காத்துறையில சாப்பாட்டுக் கடைக் குசினிக்குள்ள பொம்பிளையெண்டு நிக்கிறது நான் ஒருத்திதானே. சமையல்காரர் மரியநாயகம் அண்ணை முதல் மாதம் கோப்பை கழுவ விட்டது, பிறகு வெங்காயம், இப்பதான் கறிச்சட்டி. கை சுட்டது, கணவாய் மை முகத்தில தெறிச்சது... சுவிசில குசினி வேலை செய்யிற பொடியன் ஒருத்தன் வாசிச்சுப்போட்டு, தானும் கோப்பை கழுவித்தான் தொடங்கினவனெண்டு எழுதியிருந்தான் அண்ணை. துள்ளிக் குதிச்சனான், எனக்கு அவ்வளவு புளுகம்!

— நேவிக்காரற்ற காம்பைப் பற்றி எழுதினனியோ?

— மாதாவாணை இல்லை! சமாதானம் முறிஞ்சு கிடக்கிற நேரம் நான் ஏன் அதுக்குள்ள போறன்?

— யோசிச்சுச் சொல்லு பிள்ளை. சோறு வடிக்கிறதெண்டு ஒண்டு.

— அதோ? அது பெரிய கிடாரத்தில சோறு குழையாமல் வடிக்கிற விதம். மரியநாயகம் அண்ணை சொல்லித் தந்தவர்.

— அதில கணக்குப் போட்டனியே?

— காம்புக்கு வழமையா நாப்பது சோத்துப் பார்சல் கட்டுறனாங்கள், வெள்ளிக்கிழமை தொண்ணூறு கேட்டவை, விடிய முதல் வேணுமெண்டவை, அதாலை ஒரு கிடாரம் போதாமல் ரெண்டு வச்சனாங்களெண்டு... ஐயோ அண்ணை.

— இப்ப விளங்குதே?

— ஆக்களை எண்ணிக் குடுத்தமாதிரியெல்லோ கிடக்கு.

— ஓம். எத்தினை பேர் புதுசா வந்திருக்கினம், எந்த நேரம் கடலில இறங்குகினம், எல்லாம் உன்ர சோத்துக்குள்ள கிடக்கு. வாசிக்கிற எல்லாரும் சமையல் பழகவோ வாசிக்கினம்? இயக்கமும் வாசிக்குமெல்லே.

— நான் கிடாரத்தை மட்டும் நினைச்சுத்தான் எழுதினனான். மாதாவே, எனக்கு ஆக்கள் கண்ணில படேல்லையே... அண்ணை, உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொன்னது? நீங்கள் கொம்பியூட்டரைத் தொட்டதும் இல்லையே.

— காலமை வள்ளம் இறக்கேக்கை வந்து கூட்டிக்கொண்டு போனவங்கள். காம்புக்குள்ள இருத்தி வச்சிட்டு இப்பதான் விட்டவங்கள்.

— அடிச்சவங்களே? திரும்புங்கோ, முதுகைப் பாப்பம்.

— தொடேல்லை. கதிரை தந்தவங்கள், தேத்தண்ணி தந்தவங்கள். அதுதான் எனக்கு நடுக்கம். தமிழ் தெரிஞ்ச ஒருத்தன், நீ எழுதினது முழுக்கத் தாளில எடுத்து வச்சிருக்கிறான். கணவாய் மை தெறிச்சதை எனக்கு வாசிச்சுக் காட்டிச் சிரிச்சவன். ‘தங்கச்சி நல்ல பகிடிக்காரி’ எண்டவன்.

— தங்கச்சியெண்டோ? அப்ப நானெண்டு தெரியும்.

— தெரியாமலோ என்னைக் கூப்பிட்டவங்கள்? என்ர அடையாள அட்டையையும் மேசை லாச்சிக்குள்ள போட்டிட்டான். திருப்பித் தரேல்லை.

— நான் இப்பவே போய் அழிக்கிறன். பூசை முடியமுதல் ஓடினா வகுப்பறை திறந்திருக்கும். ஒண்டும் மிச்சம் வைக்கமாட்டன். இனி எழுதவும் மாட்டன், கடைக்கும் போகமாட்டன். கையை விடுங்கோ அண்ணை!

— இரு, அஞ்சலா.

— பூட்டிப்போடுவினம்!

— அழிக்கக்கூடாதாம்.

— என்ன?

— அழிச்சா, அடுத்தமுறை கூப்பிட்டுப்போட்டு வெளியில விடமாட்டாங்களாம். நீ நிப்பாட்டாமல் எழுதோணுமாம். முந்தினமாதிரியே, பகிடியும் கதையுமா, வாசிக்கிற ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாமல்.

— என்னத்தை அண்ணை எழுத?

— கறியை நீ விரும்பினபடி எழுதலாமாம். பார்சல் எத்தினையெண்டதை மட்டும் இனித் தாங்களே சொல்லுவாங்களாம்.