திரும்பிப் பார்க்காத செல்லக்கண்ணு

மழைக்காலத்தில் இந்தப் பசுந்தாங் பேட்டையில் ஒரு துணியும் காய்வதில்லை. அந்தப் பெஞ்சும் ஈரமாகத்தான் இருக்கும். கோணியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், டீ வரச் சொல்லியிருக்கிறேன். செல்லக்கண்ணுவின் வாழ்க்கையை உங்கள் பத்திரிகையில் எழுதப்போவதாக மேஸ்திரி குழந்தைவேலு சொன்னார். நல்லது. ரங்கூன் தமிழனுக்கு ஒரு வீரன் தேவைப்படுகிறான். ஒற்றைக் காலன் கிடைத்தாலும் போதும் என்று ஆகிவிட்டது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். செல்லக்கண்ணுவுக்குப் பந்தாட்டம் தெரியாது. ஓடத் தெரியும். அது முயலுக்கும் தெரியும்.

இந்த அரிசி மில்லில் நான் அட்டிமேல் நிற்கிறவன். மூட்டைகளை மலைமாதிரி அடுக்கியிருப்பார்கள், அதன் உச்சியில் என் வேலை. கீழே ஒருவன் முதுகைக் கொடுத்துக் குனிந்து நிற்பான். "வாங்கு" என்று குரல் கொடுத்து மூட்டையைச் சரிப்பேன். அவன் வாங்கிக்கொண்டு ஓடவேண்டும். அண்ணாந்து பார்க்கக் கூடாது. பார்த்தவன் கழுத்து ஒடிந்திருக்கிறது. மேலே நிற்கிறவன் குரலை நம்பவேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கீழே முதுகு கொடுத்த செல்லக்கண்ணு வாழ்நாளில் படித்தது இந்த ஒரு பாடம்.

மேஸ்திரிக்குப் பந்தாட்டப் பைத்தியம். மில் டீமில் எங்கள் இரண்டு பேரையும் போட்டார். நான் நடுவில், அவன் வலது ஓரத்தில். பந்தை உதைத்துவிட்டு, அட்டிமேல் கொடுக்கிற அதே குரலைக் கொடுப்பேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவான். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. காலை நீட்டுவான், பந்து அங்கே இருக்கும். பூட்ஸ் போட்ட டீமெல்லாம் எங்கள் வெறுங்காலிடம் தோற்றுப்போயின.

"பொடறியில கண்ணு இருக்குடா இவனுக்கு" என்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் பிடறியில் இருந்தது என் கண். அதைத் தூக்க யாருக்கும் தோன்றவில்லை. கூட்டம் பந்து விழுகிற இடத்தைத்தான் பார்க்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது நம் முட்டாள்தனம்.

மேஸ்திரி அவனை மூட்டை வேலையிலிருந்து விடுவித்து, ஆடுவதற்கே சம்பளம் போட்டார். நான் அட்டிமேலேயே நின்றேன். எனக்கு வருத்தம் இல்லை. இந்த ஊரில் என்னை வாய்நிறைய அண்ணே என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். எனக்கும் சேர்த்துத்தான் அவன் பெண்சாதி தைலம்மாள் உலை வைப்பாள்.

போன மழைக்குக் கல்கத்தாவிலிருந்து பர்கத்துல்லா என்று ஒரு ஆள் வந்தார், ஏதோ பெரிய கிளப்புக்கு ஆள் பிடிக்க. அத்தர் மணக்க வந்து செல்லக்கண்ணுவின் தொடையைத் தட்டிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல. அன்று சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னான்.

"அண்ணே, கல்கத்தாவுல ஆடுறதுதான் வேலையாம். இவளையும் கூட்டிக்கிட்டுக் கப்பலேறச் சொல்றாரு."

"அங்க ஒனக்குப் பந்து யாருடா குடுப்பா?"

"அதுக்கெல்லாம் ஆளு இருக்காகளாம்ணே. பந்து குடுக்கவா ஆளுக்குப் பஞ்சம்?"

தைலம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டே, "வேணும்னா ஒங்கண்ணனையும் பொட்டியில போட்டுக் கட்டிக்கிருவோம். தூக்குறதுக்குத்தான் கப்பல்ல கூலி இருக்கே" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். ரசம் நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

பிறகு நிதானமாக யோசித்தேன். கல்கத்தாவில் அவன் பழக்கப்பட்டதுபோல முதுகைக் காட்டி ஓடுவான். பந்து வராது. ஆயிரம் பேர் சிரிப்பார்கள். அந்த அவமானத்துக்கு அவனை அனுப்பலாமா? அவனுக்கு மூத்தவன் என்று இங்கே என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

கப்பலுக்கு முன்னால் ஒரே ஒரு ஆட்டம் இருந்தது, ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி டீமோடு. கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற அவர்களுடைய பேக் கனத்த ஆள். வருகிற பந்தை நிறுத்தாமல் அப்படியே உதைத்து அனுப்புகிறவன். அவன் வேண்டுமென்றே காலை உடைத்தான் என்று மில்லே பேசுகிறது. மேஸ்திரியும் உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார். அப்படி எழுதாதீர்கள். பாவம், அந்த மனுஷன் சேற்றில் மண்டியிட்டு அழுதான்.

மைதானம் முழங்கால் சேறு. பந்து என்னிடம் வந்தது. அந்தப் பேக் எந்த இடத்துக்கு வருவான், எந்தக் காலை வீசுவான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பந்தை உயரமாக, சரியாக அந்தப் பேக்கின் காலுக்கு முன்னால் விழும்படி உதைத்தேன். அப்படிப்பட்ட பந்துக்கு நான் ஒருநாளும் குரல் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தேன். "வாங்கு."

செல்லக்கண்ணு ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. காலை நீட்டினான்.

பந்தைப் பூட்ஸுக்குக் கொடுத்தேன், குரலை வெறுங்காலுக்குக் கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். என் விரல்கூட அவன்மேல் படவில்லை.

எலும்பு வெளியே வந்துவிட்டது. சேறு உள்ளே போய்ப் புரையோடி, ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். தைலம்மாளுக்கு நல்ல வார்த்தை சொல்லி நான்தான் ஊருக்குக் கப்பலேற்றினேன். ஒரே அறையில் மூன்று பேர் என்றால் நெருக்கடி, அவளும் அழுதுகொண்டே இருந்தாள். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், இந்தத் தட்டிக்குப் பின்னால்தான் அவன் தூங்குகிறான். காலையில் பசியாற மொகிங்கா வாங்கி வந்து கொடுத்துவிட்டுத்தான் மில்லுக்குப் போகிறேன். சாயங்காலம் தூக்கிவந்து வாசலில் உட்காரவைக்கிறேன். கனமே இல்லை. தூங்கப்போகும்முன் தினமும் ஒன்று கேட்பான்.

"அண்ணே, நான் ஒரு எட்டுப் பிந்திட்டேன்ல?"

"ஆமாண்டா."

"ஒங்க பந்தை வீணாக்கிட்டேண்ணே."

"போகட்டும், படு" என்பேன். நான் கோபித்துக்கொண்டதே இல்லை.

டீயைத் தொடவே இல்லையே நீங்கள். சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. பொறாமையில் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பொய். கல்கத்தாவில் அந்தக் கால் வேறொருவன் குரலுக்கு ஓடியிருக்கும், அவ்வளவுதான்.