சுரங்கத்துக்கு எந்தக் காற்று?

ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு சுரங்க மேஸ்திரியும், துரை பங்களாவில் ஆயாவாக இருக்கும் அவர் மனைவியும்.

“கீழ லெவல்ல காத்தே இல்ல, ஆளுங்க மயங்கி வுழறாங்க. அத சொல்லப் போனா, துரை சிரிச்சிக்கினே ‘குட்’டுன்னு சொல்லிட்டுப் போறாரு!”

“இங்கிலீஷுல இன்னா சொன்னே?”

“‘காம்’னேன். காத்து அசையலன்னா அதானே?”

“அய்யோ! கொழந்த தூங்கி, பங்களாவே அமைதியா கெடந்தா துரையம்மா ‘காம்’னு சந்தோஷப்படுவாங்க. நீ நல்ல சேதி சொல்லிட்டு வந்துக்கிறய்யா.”

“அப்ப ‘பிரீஸ்’ வேணும்னு கேக்கட்டா?”

“அது சாயங்காலம் தோட்டத்துல நாற்காலி போட்டு வாங்குற காத்து. மறுபடியும் சிரிப்பாரு.”

இந்த வார்த்தைகளைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்தவள் நான். வித்தியாசம் அன்றுதான் புரிந்தது.

“வேற இன்னாதான் இருக்குது?”

“‘டிராஃப்ட்’னு ஒண்ணு. சந்து வழியா சில்லுன்னு பூந்து வரும். அம்மாவுக்கு அது ஆவவே ஆவாது. கதவ சாத்து, ஜன்னல சாத்துன்னு கத்துவாங்க.”

மேஸ்திரி ரயிலை மறந்து எழுந்தார்.

“அதாண்டி! அம்மா வேணாம்னு சாத்துற காத்த எங்க லெவலுக்கு அனுப்பச் சொல்றேன்.”