சனிக்கிழமைக் கஞ்சி

ராகிக் கஞ்சி ஆறினால் மேலே ஏடு படிந்துவிடும். தேஜஸுக்கு அது பிடிக்காது. அதனால் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, சூடு இருக்கும்போதே குடிக்க வைப்பேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் மேடம், என் மகனுக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வாரநாட்களில் அவன் என்னோடு தொம்மலூரில் இருப்பான். காலையில் கஞ்சி, மதிய டப்பாவில் கீரை சாதம், இருட்டியதும் இட்லி. சிந்தாமல் சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பான். ஆறு வயதுதான் ஆகிறது.

சனி, ஞாயிறு கோர்ட் உத்தரவுப்படி பிரேசர் டவுனில் அப்பா வீடு. ஹரிஷ்குமார் வீட்டில் சாப்பாட்டுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. தூங்கி எழுந்தால் பிரியாணி, அதுவும் மெத்தைமேல், டிவி பார்த்துக்கொண்டு. சாயங்காலம் தெருவில் நின்று கபாப், அதன்மேல் ஐஸ்கிரீம். பசிக்காகச் சாப்பிடுகிறவர்கள் இல்லை அவர்கள். வாய் சும்மா இருக்கக்கூடாது என்று சாப்பிடுகிறவர்கள். அன்பு காட்ட வேறு வழி தெரியாதவன் செல்போனில் ஆர்டர் போடுகிறான்.

"அஞ்சு நாள் ஹாஸ்டல், ரெண்டு நாள் வூடு. அந்த ரெண்டு நாளாவது கொழந்த சந்தோஷமா துன்னட்டுமே தாரணி," என்பான், என் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே.

ஞாயிறு இரவு திரும்பிவரும் தேஜஸ் இட்லியைப் பார்த்து முகம் சுளிப்பான். "அப்பா வூட்ல..." என்று ஆரம்பிப்பான். அந்த 'வூட்ல' கூட அங்கே ஒட்டிக்கொண்டதுதான்.

பிறகு ஹரிஷ் மனு போட்டான். வாரநாட்கள் அவனுக்கு, சனி ஞாயிறு எனக்கு என்று மாற்ற வேண்டுமாம். யாரிடம் இருக்க ஆசை என்று நீதிபதி பிள்ளையையே கேட்பார் என்றார் என் வக்கீல். ஆறு வயதுப் பிள்ளை கீரையையா சொல்லும்?

அதனால் சனிக்கிழமைக் கஞ்சியில் மட்டும் வயிறு இளகும் மருந்தைக் கலந்தேன். கசப்பு தெரியாமலிருக்க வெல்லம் கொஞ்சம் கூட. குடித்ததும் ஹரிஷ் வந்து அழைத்துப்போவான், மதியத்துக்குள் அங்கே வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிடும். இதில் பொய் எதுவும் இல்லை. அந்தச் சாப்பாடு பத்து வருடத்தில் செய்யப்போவதை நான் முன்கூட்டியே காட்டினேன், அவ்வளவுதான்.

வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரும் சொன்னார். படித்தவர்களை நம்ப வைப்பது சுலபம். ஹரிஷ் பயந்துபோய் பிரியாணியை நிறுத்தி, தயிர்சாதம் பிசைந்து கொடுத்தானாம். அப்போதாவது விட்டிருக்கலாமே என்கிறீர்கள். விட்டிருந்தால் அவன் கைச் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது என்று ஆகியிருக்குமே. மருந்தைக் கூட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தேஜஸ் கேட்டான்: "இன்னிக்கு என்ன கெழமம்மா?"

"வியாழன்."

குடித்தான். மறுநாளும் கேட்டுவிட்டுத்தான் குடித்தான். அடுத்த நாளும் கேட்டான். சனி என்றேன். பிள்ளையிடம் நான் பொய் சொல்வதில்லை. அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏடு வந்துடும் கண்ணா, குடி."

ஒரே மூச்சில் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லமாட்டேம்மா," என்றான். எதை என்று நான் கேட்கவில்லை.

அது போன சனிக்கிழமை. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். உடம்பில் நீரே இல்லை, சிறுநீரகம் செயலிழந்துகொண்டு வருகிறது என்கிறார்கள். யார் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்க மறுக்கிறானாம். நர்ஸுகளுக்குப் பொறுமை கிடையாது. ஹரிஷைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மூலையில் உட்கார்ந்து அழுவான்.

கலந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்கு முன் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். இன்று செவ்வாய்க்கிழமை என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லிவிட்டு என் கையில் டம்ளரைக் கொடுத்துப் பாருங்கள். வாரநாட்களில் அவன் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை.