வீட்டுக் குரலை வாசலில் நிறுத்திய அம்மையாருக்கு

கண்டிப்பின் கரையே! கடமையின் கோட்டையே! அடங்காப் பிள்ளைகளின் அடிவயிற்றில் புளியைக் கரைத்த அதிகாரமே! விடியுமுன் விழித்து, விளக்கணைந்த பின் உறங்கி, விடுமுறையை மட்டும் விரோதியாகப் பாவித்த விடுதித் தலைமைக் காப்பாளரே! பணி நிறைவு பெற்று விடைபெறும் அம்மையீர், வணக்கம்!

தங்களைப் புகழ்வது எங்களுக்கு எளிது. ஒருமனதாகப் புகழ்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. போதாக்குறைக்குத் தாங்களே எங்களைக் கூப்பிட்டு, "பூசி மெழுகாம எழுதுங்க. சும்மா தூக்கி வச்சுப் பேசுனா மேடையிலயே கிழிச்சுப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டீர்கள். சொன்னால் செய்யக்கூடியவர் தாங்கள். மடலை மாட்டக் கண்ணாடிச் சட்டத்துக்கு வேறு சொல்லியாகிவிட்டது. ஆகவே உள்ளதை உள்ளபடியே எழுதியிருக்கிறோம்.

போதையில் விழுந்தும், படித்த பள்ளிகளில் எல்லாம் துரத்தப்பட்டும், பெற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக் கொண்டுவந்து விட்ட பெண்பிள்ளைகளின் உறைவிடப் பள்ளி இது. சாப்பாட்டுக் கூடத்தில் பேசக்கூடாது. படுக்கை விரிப்பில் சுருக்கம் இருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த முதல் மூன்று மாதம் வீட்டுக் குரல் காதில் விழக்கூடாது. ஞாயிறுதோறும் அலுவலகத் தொலைபேசியில் அழைக்கும் பெற்றோருக்குத் தாங்களே பதில் சொன்னீர்கள். அழுத தாய்க்கும் அதட்டிய தகப்பனுக்கும் ஒரே பதில்: "நல்லா இருக்கா, சாப்பிடுறா, தூங்குறா."

இந்தச் சட்டத்தால் நாங்கள் இரண்டு கட்சியானோம். உடற்பயிற்சி ஆசிரியர், அதாவது பிள்ளைகள் விசில் மாஸ்டர் என்று அழைப்பவர், சட்டத்தின் பக்கம். மனநல ஆலோசகர் அம்மா எதிர்ப்பக்கம். தேநீர் ஆறிப்போகும் வரை இருவரும் மல்லுக்கு நின்றார்கள். "வீட்டை மறக்கடிச்சு ஒரு பிள்ளையைத் திருத்த முடியுமா சார்?" என்பார் அவர். "குரலைக் கேட்டா அழுவா. அம்மா இளகிடுவாங்க, கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அதே கூட்டம், அதே பழக்கம்" என்பார் இவர். அப்படி அழுது, அப்படி அழைத்துப் போகப்பட்ட பிள்ளை ஒருத்தி உண்டு. அவளைப் பற்றிப் பின்னால் வந்த செய்தியை இந்த மேடையில் வாசிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம்தான் தாங்கள் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தீர்கள்.

அம்மையீர்! இரண்டு ஆண்டுக்கு முன் தங்கள் உடன்பிறந்த தங்கை தன் மகளைக் கொண்டுவந்து இதே வாசலில் விட்டார். தங்களுக்கென்று பிள்ளை குட்டி கிடையாது. பள்ளி விடுமுறை என்றால் பெரியம்மா வீடே கதி என்று கிடந்து வளர்ந்த பெண் அவள். அவளுக்காகத் தாங்கள் சட்டத்தை இம்மியும் தளர்த்தவில்லை. தினமும் காலையில் அலுவலக வாசலில் வந்து நின்று, "அம்மா பேசுனாங்களா பெரியம்மா?" என்று கேட்பாள். "பேசல. இங்க நான் பெரியம்மா இல்ல, காப்பாளர். போய் வரிசையில நில்லு" என்பீர்கள். சொன்னதற்கு மாறாக, ஞாயிறு தவறாமல் அழைத்துக்கொண்டுதான் இருந்தார் அந்தத் தாய். தாங்கள் இளகாததைக் கண்டு விசில் மாஸ்டர் கட்சி மெய்சிலிர்த்தது. ஆலோசகர் கட்சி பல்லைக் கடித்தது.

பேசாத கூடத்தில் தொண்டை கிழியக் கத்தி அலுத்துப்போன விசில் மாஸ்டர், அலுவலகத் தொலைபேசியைக் கூடத்து ஒலிபெருக்கியோடு இணைக்க ஏற்பாடு செய்திருந்தார். பொத்தானை அழுத்தி அறிவிக்க வேண்டியது, முடிந்ததும் மறுபடி அழுத்தி நிறுத்த வேண்டியது, அவ்வளவே. ஒரு ஞாயிறு மதியம், தட்டுகளைக் கழுவி வைப்பது பற்றி நீண்ட உரை நிகழ்த்தியவர் நிறுத்த மறந்து வெளியேறினார். தாங்கள் உள்ளே நுழைந்தீர்கள். தொலைபேசி மணி அடித்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் சோற்றில் கை வைத்தபடி கேட்டார்கள்.

"அக்கா, அவ என்னைக் கேட்டாளாக்கா?"

"கேக்கவே இல்லடி. அவ பாட்டுக்கு நல்லா இருக்கா, சாப்பிடுறா, தூங்குறா. நீதான் அங்க உக்காந்து அழுதுகிட்டு இருக்கே."

கூடத்தில் இருந்த தங்கை மகள் அழவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டாள்.

முகம் வெளிறி ஓடிவந்து விசில் மாஸ்டர் விஷயத்தைச் சொன்னபோது, வேறொருவராக இருந்தால் அவரைத்தான் கடித்துக் குதறியிருப்பார். தாங்கள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொத்தானின் விளக்கு எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தீர்கள், பார்த்தும் அதை நிறுத்தாமல் தங்கையின் எண்ணைச் சுழற்றினீர்கள். "பொய் சொல்லிட்டேன்டி. தினமும் கேக்குறா. நீ பேசவே இல்லைன்னு அவகிட்டயும் பொய் சொன்னேன். எல்லா அம்மாகிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கேன்." கூடமே கேட்டது. அடுத்த ஞாயிறு முதல், விரும்பிய பிள்ளை வீட்டோடு பேசலாம் என்று ஆணையிட்டீர்கள்.

இதோடு ஒரு கட்சி வென்றது என்று எழுதி முடிக்க எங்களுக்கும் ஆசைதான், ஆனால் பொய்யாகிவிடும். அந்த அடுத்த ஞாயிறே வரிசையில் நின்ற ஒருத்தி எண்ணைச் சுழற்றி, "அப்பா" என்றாள். "ராங் நம்பர்" என்று அப்பாவின் குரலே சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டது. விசில் மாஸ்டர் ஆலோசகரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "மேடம், சட்டம் இருந்தப்போ புதுசா வந்த யாருக்குமே போன் இல்ல. இவளுக்கு ஆள் இல்லைன்னு இவளுக்கே தெரியாம இருந்துச்சு." இதை ஒரு சொல் விடாமல் மடலில் சேர்க்கச் சொன்னவர் ஆலோசகரேதான். அந்தப் பிள்ளையைத் தாங்கள் சமையலறைக்கு அழைத்துப் போய் மாலை வரை பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தீர்கள். என்ன பேசினீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

தங்கள் தங்கை மகள் படிப்பை முடித்தாள், பழக்கத்தை விட்டாள், வேலைக்கும் போகிறாள். ஆனால் அந்த ஒலிபெருக்கி ஞாயிறுக்குப் பிறகு தங்களிடம் ஒரு சொல் பேசவில்லை. விடுமுறைக்கும் தங்கள் வீட்டுக்கு வருவதில்லை. சட்டத்தால் பிழைத்தாளா, சட்டத்தையும் மீறிப் பிழைத்தாளா என்று நாங்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். தாங்கள் அந்த வாதத்தில் கலந்துகொள்வதே இல்லை. எழுந்து போய்விடுவீர்கள். எங்கே வலிக்கிறது என்று எங்களுக்குத் தெரியும் அம்மா.

அச்சாகி வந்த மடலின் அடியில் பின்வரும் வரிகளை இன்று காலை கையால் சேர்த்திருக்கிறோம். அழகு கெட்டதற்குப் பொறுத்தருள்க. தங்களுக்குத் தெரியாமல் அவளை இந்த விழாவுக்கு அழைத்திருந்தோம். ஆலோசகரிடம் அவள் சொன்ன பதில் இது: "அந்த கேட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன் மேடம். செத்தாலும் வைக்க மாட்டேன். ஆனா ரூமைக் காலி பண்ணி சாமானெல்லாம் தூக்கிட்டு பெரியம்மா தனியா எப்படிப் போவாங்க? நான் வெளிய நிக்கிறேன். முடிஞ்சதும் அனுப்பி விடுங்க."

வந்துவிட்டாள். வண்டியோடு வெளியே நிற்பதாக வாயிற்காவலர் சொல்கிறார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாளாம்.

ஆதலால் அம்மையீர், அடுத்து இருந்த ஆறேழு வாழ்த்துரைகளையும் ரத்து செய்துவிட்டோம். குன்றாத உடல்நலமும் குறையாத ஆயுளும் பெற்றுத் தாங்கள் நெடுங்காலம் வாழ்க! எழுந்திருங்கள் அம்மா, பிள்ளை வெயிலில் நிற்கிறாள்.

இன்றுவரை ஒத்துப்போகாத,
இம்மடலில் மட்டும் ஒருசேரக் கையொப்பமிடும்
விடுதி மற்றும் பள்ளிப் பணியாளர்கள்