திருஷ்டியார் நான்தான்

அந்த மைக்கைக் கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பிவிடுங்கள், மேடம். வாய்க்கு நேராக இருந்தால் 'ப' வரும் இடமெல்லாம் பட்டாசு வெடித்த மாதிரி கேட்கும். நம் முதற்பொறுப்பாளர் பொங்கல் வாழ்த்துச் சொன்ன அன்று துப்பாக்கிச் சூடு என்று நினைத்துப் பாதிக் கடலூர் கதவைச் சாத்திக்கொண்டது. சின்ன விஷயம்தான். ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

வாக்குமூலத்தை இந்த அறிவிப்பு அறையிலேயே பதிவு செய்யலாம் என்று நான் கேட்டதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டது பெரிய மனசு. உங்கள் விசாரணை அறையில் எக்கோ ஜாஸ்தி. இங்கே கதவை உள்பக்கம் பூட்டிக்கொள்வது வழக்கம். சன்னலில் இரட்டைக் கண்ணாடி. வெளியே மஞ்சக்குப்பத்துத் தெருச் சத்தம் எதுவும் உள்ளே வராது.

என் பெயர் இளவரசு. ஒழுங்கு வாரியத்தின் கடலூர் அலுவலகத்தில் மூன்றரை வருஷமாக அறிவிப்பாளர். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், இங்கிருந்து சிதம்பரம் வரைக்கும், விளக்குக் கம்பங்களில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர்களில் வருவது என் குரல். நான் யார்மேலும் புகார் சொல்ல வரவில்லை. உங்கள் பதிவேட்டில் ஒரு பிழை இருக்கிறது. ஆறு வாரத்துக்கு முன்னால் உங்கள் காவலில் இறந்துபோன ஒலிபெருக்கி லைன் மெக்கானிக் கொளஞ்சியப்பன், என் மனைவியின் தம்பி, திருஷ்டியார் இல்லை. திருஷ்டியார் நான்தான்.

நீங்கள் பேனாவைத் தொடவில்லை. இந்த மாதத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவர்களில் நான் நான்காவது ஆள் என்கிறீர்கள். முதல் மூன்று பேரையும் எனக்குத் தெரியும். ஒருவர் காடாம்புலியூர் முந்திரி வியாபாரி. ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மூன்றாமவர் உங்கள் டிரைவர். அவர்களுக்கெல்லாம் விளம்பர ஆசை, மேடம். எனக்கு அது கிடையாது. பேருக்கு ஆசைப்படுகிறவன் முகமூடி போடுவானா?

முதலிலிருந்து சொல்கிறேன்.

தேர்தலைத் தள்ளிவைத்து, அதற்குப் 'பொறுமைக் காலம்' என்று பெயரும் வைத்தீர்கள். பிடித்துக்கொண்டு போவதற்கு 'ஓய்வு' என்று பெயர். ஓய்வுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். டீக்கடையில் நான்கு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்று படித்தேன். எந்தப் படகும் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை இருந்த வாரத்தில், மீன்வரத்துப் பெருகியதற்குத் தேவனாம்பட்டினத்து மீனவர்கள் நன்றி தெரிவித்தார்கள் என்று படித்தேன். எதையும் முகம் மாறாமல் படிப்பேன். முகம் யாருக்கும் தெரியப்போவதில்லை, இருந்தாலும்.

அப்புறம் சிதம்பரத்துக்கு ஓர் ஆணை வந்தது. "நகர எல்லைக்குள் எவரும் எவ்வகை ரகசியமும் வைத்திருத்தல் ஆகாது. ஏற்கெனவே வைத்திருப்போர் ஏழு நாட்களுக்குள் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்." படித்து முடித்தேன். மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துச் சிரித்துவிட்டேன். பதினொரு விநாடி. இரண்டு ஊரும் கேட்டது.

திருஷ்டியாரைப் பெற்றெடுத்தது நானில்லை, மேடம், உங்கள் வாரியம்தான். சொந்த அறிவிப்பாளரே சிரித்தான் என்று மேலே எழுதினால் அப்போதைய அலுவலர் ஓய்வுக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே வெளியாள் ஒருவன் நம் ஒயரில் ஊடுருவிவிட்டான் என்று எழுதினார். லைன் மெக்கானிக்கைக் கேட்டார்கள். கொளஞ்சியப்பன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். "ஆமா சார், வெளி ஒயரு சேத்திருக்கான். கண்டுபிடிச்சிர்றேன்" என்றான். ஏழு மாதம் கம்பம் கம்பமாக ஏறி அந்த இல்லாத ஒயரைத் தேடினான். வாராவாரம் 'ஊடுருவல் உண்டு, ஒயர் அகப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். அத்தனை வெள்ளந்தி.

ஊர் அந்தச் சிரிப்பைக் கொண்டாடியது. எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. ஆறு மணி அறிவிப்பு முடிந்ததும், குரலை மாற்றி முன்கூட்டியே பதிந்து வைத்ததை ஓடவிட்டுவிட்டு, வராந்தாவில் அலுவலரோடு நின்று நானும் அதிர்ச்சி அடைவேன். ஓய்வுக்குப் போனவர்களின் பெயர்களைத் தினம் ஐந்தாகச் சொன்னேன். ஜனங்கள் அதைக் கேட்பதற்காகவே டீக்கடைக்கு வந்தார்கள், முறை வைத்துக்கொண்டு, நான்கு நான்கு பேராக.

குரல் மட்டும் போதாது என்று பட்டது. பண்ருட்டி பொம்மைக் கடையில் ஒரு திருஷ்டி பொம்மை முகம் வாங்கினேன். காகிதக்கூழில் செய்தது, முறுக்கு மீசை, பிதுங்கிய கண், வெளியே நீட்டிய நாக்கு, நான்கு பெரிய பல். சிதம்பரம் மேல வீதியில் ஒரு லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே துணைப் பொறுப்பாளர் ஏதோ ஒரு மகிழ்ச்சி மண்டபத்தைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது மாடிச் சாரத்தில், வைக்கோல் திணித்த சட்டையும் பொம்மை முகமுமாக ஒரு மணி நேரம் அசையாமல் நின்றேன். இருநூறு போலீஸ் அண்ணாந்து பார்த்தது. கட்டுகிற கட்டடத்தில் திருஷ்டி பொம்மையைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

அவர் பேச்சை முடிக்கும்போது நான் கைமைக்கை எடுத்தேன். "ஐயா, ஊருக் கண்ணெல்லாம் உங்க மேலதான் இருக்குது. பேசாம எறங்கிடுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். மேல வீதியே சிரித்தது. அவர் பதறிப்போய் நிஜமாகவே மேடையிலிருந்து இறங்கிவிட்டார். அன்றிலிருந்து 'எறங்கிடுங்க' என்பது சுவருக்குச் சுவர் வந்துவிட்டது. ஆளுக்குத் திருஷ்டியார் என்று பெயரும் வந்தது. அந்த 'ஆர்' ஜனங்களாகக் கொடுத்த மரியாதை. நான் கேட்கவில்லை.

தப்பி ஓடும்போது சாரத்தின் சவுக்குக் கம்பில் மோதி முகமூடியின் மேல்வரிசைப் பல் ஒன்று உடைந்து விழுந்தது. அந்தத் துண்டு உங்கள் ஆட்களிடம் கிடைத்ததும், கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதும் வெளியே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வாரியத்தின் ரகசியக் குறிப்புகளில் ஒற்றுப்பிழை திருத்துவதும் என் வேலைதான்.

திருஷ்டி பொம்மைகளைத் தடை செய்தீர்கள். பண்ருட்டிக் கடைகளில் இருந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றி உடைத்தீர்கள். பொம்மை இல்லாத சாரத்தில் ஏற மாட்டோம் என்று உங்கள் புதுக் கட்டடத்துக் கொத்தனார்களே உட்கார்ந்துகொண்டதும், பதினைந்தே நாளில் தடையை வாபஸ் வாங்கினீர்கள். இரண்டையும் நான்தான் படித்தேன். பொம்மை மாட்டலாம், ஆனால் மாட்டுவதற்குப் பொம்மை இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொளஞ்சியப்பனும் அவன் மனைவி தமிழ்ச்செல்வியும் அதற்காக அலையாத இடமில்லை.

இந்த இடத்தில்தான் ஒரு புதன்கிழமை உங்கள் குறிப்பு என் மேசைக்கு வந்தது. ஒலிபெருக்கி லைனில் கைவைக்கக் கூடியவர்கள் இரண்டே பேர், அறிவிப்பாளரும் மெக்கானிக்கும். வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டிலும் சோதனை. 'சோதனை' என்பதற்கு அப்புறம் ஒரு 'ச்' கூடுதலாக இருந்தது. அடித்துவிட்டு, நிதானமாக யோசித்தேன்.

முகமூடியைக் கெடிலம் ஆற்றில் எறிந்திருக்கலாம். எறிந்தால் எதுவும் கிடைக்காது. எதுவும் கிடைக்காவிட்டால் நீங்கள் தேடுவதை நிறுத்த மாட்டீர்கள். போராட்டம் தொடர வேண்டுமானால் எங்காவது ஏதாவது கிடைத்தாக வேண்டும். ஒயருக்கு ஜாயிண்ட் அடிக்க நூறு பேர் வருவார்கள். குரல் ஒன்றுதான். இதில் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை, மேடம். கணக்காக யோசித்தால் யாரும் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் பொம்மை முகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மேல்பட்டாம்பாக்கம் போனேன். தமிழ்ச்செல்விக்கு வாயெல்லாம் பல்.

"அண்ணனுக்குத்தான் எங்க மேல அக்கறை. இவரும் பொம்மை தேடறேன் தேடறேன்னு சொல்றாரு, அந்த ஒயரத் தேடுறாப்ல" என்றாள்.

கொளஞ்சியப்பன் முகமூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். உள்பக்கம் என் வேர்வை பட்டு உப்புப் பூத்திருந்தது. உடைந்த பல் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினான்.

"எங்க கெடச்சிது மாமா?"

"பழசு மச்சான். பரண்ல கெடந்துச்சி."

 அப்புறம் சிரித்தான். "சரி, இனிமே இது உங்க ஊட்ல இருக்க வேணாம். இங்கியே இருக்கட்டும். உள்ள ஒளிச்சி வெச்சாதான் மாமா சந்தேகம் வரும். வாசல்ல மாட்டிட்டா பொம்மை பொம்மைதான்."

எந்தச் சந்தேகத்தைச் சொன்னானோ. அவன் பேச்சு எப்போதும் அரைகுறையாகத்தான் இருக்கும். அவனே ஏணி போட்டு ஏறி, வீதியைப் பார்த்த மாதிரி மாட்டினான். நான் மாட்டவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அன்று அவர்கள் வீட்டில் கிழங்கான் மீன் குழம்பு. இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பியூனாக இருக்கும். தட்டட்டும், மேடம், டீ ஆறினால் பரவாயில்லை.

மறுநாள் சோதனையில் பல் துண்டு பொருந்தியது. ஒன்பது நாள் கேட்டீர்கள். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு ஒன்பது நாளும் "கடையில" என்றுதான் சொன்னானாம். தாள் தாளாகத் திருத்தியவன் நான். எந்தத் தாளிலும் என் பெயர் இல்லை. கொடுத்தது யார் என்பதையே மறந்திருப்பான். ஞாபகசக்தி அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே குறைவு என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். கடைசி நாள், கூட இருந்தவர்கள் யார் என்று முதற்பொறுப்பாளரின் ஆட்களே வந்து கேட்டபோது, தலையைத் தூக்கி, "எறங்கிடுங்க" என்று மட்டும் சொன்னானாம்.

அது என் வசனம், மேடம்.

அவன் இறந்த அறிவிப்பையும் நான்தான் படித்தேன். 'காலமாகிவிட்டான்' என்று எழுதிக் கொடுத்தார்கள். 'காலமானார்' என்று திருத்தினேன். இறந்தவர் விஷயத்தில் மரியாதைக் குறைவு கூடாது. 'ப' நிறைய இருந்த வாக்கியம். ஓர் இடத்திலும் வெடிக்கவில்லை. என் மனைவி வினோதினி அப்போது ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். தலைக்கு மேலே இருந்த கம்பத்திலிருந்து, என் குரலில், தெரிந்துகொண்டாள்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முகமூடியைச் சொந்த வாசலிலேயே மாட்டி வைத்த தைரியம் என்று ஊர் வாய் ஓயாமல் பேசுகிறது. திருவதிகையிலிருந்து சிதம்பரம் வரை சுவரெல்லாம் அவன் படம், கீழே 'எறங்கிடுங்க – கொளஞ்சியப்பன்'. அவனுக்கு மீசைகூடக் கிடையாது, வரைகிறவர்கள் வைத்துவிட்டார்கள்.

போன வாரம் நானே செய்த புது முகமூடியை மாட்டிக்கொண்டு அதே லாட்ஜின் அதே மாடியில் நின்றேன். பயந்தவன் நிற்பானா? ஓய்வுக்குப் போனவர்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். கீழேயிருந்து ஒருத்தன் கத்தினான்: "ஏய் டூப்பு, எறங்குடா கீழ. செத்தவரு பேரக் கெடுக்காத." பூக்கடைக்காரி ஒருத்தி வாழைப்பட்டையை எறிந்தாள். என் வார்த்தையை என்மேலேயே எறிந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் வினோதினி தம்பி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "எந்தம்பி என்னா மாதிரி இருந்துட்டுப் போயிருக்கான் பாருங்க. நீங்களும் இருக்கீங்களே, அவுங்க எழுதிக் குடுக்கறத ஒப்பிச்சிக்கிட்டு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்காக நான் வரவில்லை. சரித்திரம் பிழையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நாளைக்கு உங்கள் ஆட்சி போகும். போகத்தான் போகிறது, உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். அன்றைக்கு ஜனங்கள் ஒரு லைன் மெக்கானிக்குக்குச் சிலை வைத்துவிட்டு நிற்கக்கூடாது.

வழக்குக் கோப்பை மூடியாகிவிட்டது, திறந்தால் உங்களுக்குத்தான் சங்கடம், பேசாமல் வீட்டுக்குப் போங்கள் என்கிறீர்கள். நீங்கள் அப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், மேடம். அதனால்தான் இந்த அறையைக் கேட்டேன்.

அந்தச் சுவரில் ஒரு சிவப்பு பல்பு இருக்கிறது, பாருங்கள். லைன் ஓடும்போது எரிய வேண்டும். ஃபியூஸ் போய் ஒரு மாதம் ஆகிறது. மாற்ற வேண்டியவன் லைன் மெக்கானிக். அவன் இல்லை.

மணி ஆறேகால். 'ப' வெடிக்காமல் எல்லாம் தெளிவாகப் போயிருக்கும். கடலூரும் கேட்டிருக்கும், சிதம்பரமும் கேட்டிருக்கும். வினோதினியும் கேட்டிருப்பாள்; இப்போது என்னைப் பற்றிப் புரிந்திருக்கும். தமிழ்ச்செல்விக்குக்கூட, யோசித்துப் பார்த்தால், புரியும்.

எழுந்திருக்காதீர்கள். சன்னலை நானே திறக்கிறேன். அதோ, மஞ்சக்குப்பம் மைதானம் வரைக்கும் கூட்டம். நான்கு நான்கு பேராக இல்லை. உங்கள் நான்கு பேர் சட்டம் இன்றோடு போயிற்று. போலீஸும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. முன்வரிசையில் தலைவிரிகோலமாக நிற்பது வினோதினி மாதிரி இருக்கிறது. இந்த மாடியைப் பார்த்துத்தான் கையை நீட்டிக் கத்துகிறார்கள், என் வசனத்தையே.

"எறங்குடா, எறங்குடா" என்கிறார்கள். மரியாதைதான் கொஞ்சம் குறைவு. உங்களைத்தான் சொல்கிறார்கள், மேடம்.